காவிரி டெல்டாவில் நிலத்தைத் திருத்தும் முன்: சட்டங்கள், நீர்வழிகள், உயிரினங்கள் பற்றிய முழுமையான வழிகாட்டி

புதர் மண்டிய ஒரு மா (சுமார் 33 சென்ட்) நிலத்தை வெட்டி, மண் கொட்டி, மட்டப்படுத்த ஒரு ஜே.சி.பி.யும் சில டிப்பர் லாரிகளும் இருந்தால் சில நாள்களே போதும். அந்தச் சில நாள் வேலை ஒரு வடிகாலை அடைத்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலேயுள்ள வயல்களின் சம்பாப் பயிர் நாள்கணக்கில் நீரில் கிடந்து அழுகும். கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் மிக மெல்லிய சரிவிலேயே இறங்குகிறது. ஆகவே இங்கே ஒரு முழ உயரம்கூட நீரின் போக்கை மாற்றப் போதுமானது. நிலத்தைச் சீர்திருத்த விரும்பும் உழவர், வீட்டுமனை அமைக்க நினைப்பவர், வெளியூரில் இருந்துகொண்டு பூர்வீக நிலத்தைத் துப்புரவாக்கச் சொல்பவர் என யாராக இருந்தாலும், இயந்திரத்தை வரவழைக்கும் முன் செய்ய வேண்டியவற்றை இந்த வழிகாட்டி வரிசையாகச் சொல்கிறது.

முதல் படி: ஆவணங்களை எடுத்து, நிலத்தோடு ஒப்பிடுங்கள்

பட்டா கையில் இருப்பதாலேயே வேலையைத் தொடங்கிவிட முடியாது. பட்டா, அ பதிவேட்டுப் பகுதி (ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பையும் வகைப்பாட்டையும் காட்டுவது), புல வரைபடம், கிராம வரைபடம், அடங்கல் (சாகுபடிப் பதிவேடு) ஆகிய ஐந்தும் வேண்டும். முதல் மூன்றையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பெறலாம். கிராம வரைபடத்தையும் அடங்கலையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

அ பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. அதைச் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். உங்கள் எண்ணுக்கு அடுத்து 0.04.5 என்ற சிறு பரப்போடு ஓர் உட்பிரிவு இருந்து, அதன் எதிரே 'வாய்க்கால்' என்று எழுதப்பட்டிருந்தால், அந்த நாலரை ஏர் (ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர்), அதாவது ஏறத்தாழ 11 சென்ட், அரசுப் புறம்போக்கு. அது தூர்ந்து கிடந்தாலும், பல ஆண்டுகளாக யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்றாலும், அதன் வகைப்பாடு தானாக மாறிவிடாது. புல வரைபடத்தில் அது நெருக்கமான இரண்டு கோடுகளாகத் தெரியும். நிலத்தில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் சீமைக் கருவேலமும் தாழையும் அடைந்து, சிறு பள்ளமாக மட்டுமே இருக்கும். இயந்திரம் ஓட்டுபவர் கண்ணுக்கு அது நிரப்ப வேண்டிய குழி. ஆகையால் கட்டணம் செலுத்தி நில அளவரை வரவழைத்து, எல்லைக் கல்லைக் காட்டச் சொல்லி, வாய்க்காலின் இரு கரையிலும் கழி நட்டுக் கயிறு கட்டிய பின்பே மற்ற வேலைகளை யோசிக்க வேண்டும்.

டெல்டாவில் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரிய நிலங்கள் மிகுதி. பல தலைமுறைகளாகச் சாகுபடி செய்துவந்தாலும் குத்தகைதாரருக்கு அந்த நிலத்தின் தன்மையை மாற்றும் உரிமை கிடையாது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை வெளியேற்றத்திலிருந்து காக்கிறது. ஆனால் நிலத்தைச் சேதப்படுத்துவதையும், வேளாண்மை அல்லாத பயனுக்குத் திருப்புவதையும் அதே சட்டம் வெளியேற்றத்துக்கான காரணங்களாகச் சொல்கிறது. தக்க அனுமதியின்றிக் கோயில் நிலத்தில் மண் கொட்டி வீடு கட்டும் குடும்பம், தன் கையில் இருக்கும் பாதுகாப்பைத் தானே இழக்கிறது என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் படி: நீர் வரும் வழியையும் போகும் வழியையும் நடந்து பாருங்கள்

இந்தப் படிக்கு எந்த அலுவலகமும் போக வேண்டியதில்லை. ஆயினும் இதைத்தான் பெரும்பாலானோர் தவிர்த்துவிடுகிறார்கள். புல வரைபடத்தில் இடம்பெறாத நீர்வழிகள் டெல்டாவில் ஏராளம். ஒரு மடையில் திறக்கும் நீர் வயலுக்கு வயல் பாய்ந்து, கடைசி வயலின் தாழ்ந்த மூலையில் உள்ள சிறு வாய் வழியாக வடிகாலுக்குப் போகும். அந்த வாய் ஒரு கை அகலம்தான் இருக்கும், வரப்பில் இரண்டு மண்வெட்டி மண் எடுத்ததுபோல. அதை எந்த ஆவணமும் காட்டாது. ஆனால் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், மேல் நிலத்தில் இயல்பாகப் பெய்து ஓடும் நீரைக் கீழ் நிலத்துக்காரர் ஓடவிட வேண்டும் என்பதை மேல் நிலத்துக்காரரின் உரிமையாக ஏற்கிறது. இருபது ஆண்டுகள் தடையின்றித் தொடர்ந்து அனுபவித்த பாசன வழியும் வடிகால் வழியும் சட்டப்படியான உரிமையாக நிலைபெறும்.

நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் நிலத்தின் நான்கு எல்லையையும் சுற்றி நடந்து, வைக்கோலைத் தூவி அது எப்பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். வரப்போரத்துப் பனையிலும் மின்கம்பத்திலும் சென்ற பருவத்து நீர் விட்டுச்சென்ற சேற்றுக்கோடு இருக்கும். அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து உழவர்களிடமும், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அதன் பொறுப்பாளரிடமும், தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும், எத்தனை நாளில் வடியும் என்று கேளுங்கள். நாற்பது ஆண்டுகள் அந்த வரப்பில் நடந்தவர் சொல்லும் பதில் எந்த வரைபடத்தையும்விடத் துல்லியமானது.

நிரப்பும் உயரத்தைத் தீர்மானிக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மா என்பது சுமார் 33 சென்ட், ஏறத்தாழ 1,335 சதுர மீட்டர். அதை மூன்றடி உயர்த்த ஏறக்குறைய 1,220 கன மீட்டர் மண் வேண்டும். ஆறு கன மீட்டர் கொள்ளும் டிப்பரில் அது இருநூறு நடைக்கு மேல். வெள்ளக் காலத்தில் அந்த நிலத்தில் மூன்றடி நீர் நின்றிருக்குமானால், பன்னிரண்டு லட்சம் லிட்டர் நீர் இனி அண்டை வயல்களில் நிற்கும். வீட்டுக்கு உயரம் வேண்டுமென்றால் வீடு அமையும் பரப்பை மட்டும் உயர்த்தி, சுற்றுப்புறத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டுவிடுவது அண்டை நிலத்துக்கும் நல்லது, செலவும் பெருமளவு குறையும். தூண்கள் மேல் எழுப்பிய தளம் இதைவிடவும் நல்லது.

மூன்றாம் படி: எந்தச் சட்ட எல்லைக்குள் நிலம் இருக்கிறது என்று கண்டறியுங்கள்

2020ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தைப் பற்றி இரண்டு விதமான தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. இந்தச் சட்டம் வந்தபின் டெல்டாவில் வீடே கட்ட முடியாது என்பது ஒன்று. அந்தச் சட்டமே நிலத்தைக் காத்துவிடும், வேறு எதுவும் தேவையில்லை என்பது மற்றொன்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், பின்னர் தனி மாவட்டமான மயிலாடுதுறையையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கிய அந்த மண்டலத்தில் குறிப்பிட்ட சில தொழில்களே தடை செய்யப்பட்டுள்ளன. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்காலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடும் ஆலைகள், கப்பல் உடைக்கும் தொழில், எண்ணெய், இயற்கை எரிவாயு எடுப்பதற்கான ஆய்வும் துளையிடலும் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. வீட்டுமனைகள் அப்பட்டியலில் இல்லை. நன்செய் மெல்ல மெல்ல மனைகளாக மாறுவதைத் தடுக்கும் வேலையை வேறு விதிகளே செய்தாக வேண்டும்.

அந்த வேறு விதிகளில் முதன்மையானது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற நகரங்களைச் சுற்றியுள்ள திட்டப் பகுதிகளில், முழுமைத் திட்டத்தில் வேளாண் மண்டலமாகக் காட்டப்பட்ட நிலத்தை மாற்ற நில உபயோக மாற்றம் பெற வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு அச்சட்டத்தின் 47-அ பிரிவும், அதன்கீழ் 2017இல் வகுக்கப்பட்ட விதிகளும் பொருந்தும். நன்செய்யாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் வழியாகவே கோப்பு நகரும். அந்த நிலத்தில் பாசன வசதி உண்டா, மாற்றினால் அண்டை நிலத்துப் பாசனம் கெடுமா என்பதெல்லாம் பார்க்கப்படும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு, முதலில் நிரப்பிவிட்டுப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இடமில்லை.

கடலோர வட்டங்களில் இன்னும் ஓர் எல்லை சேர்கிறது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, தரங்கம்பாடி, சீர்காழிப் பகுதிகளில் கடலிலிருந்து மட்டுமன்றி, கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்று முகங்களிலிருந்தும் கழிமுகங்களிலிருந்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் கணக்கிடப்படுகிறது. அலையாத்திக் காடு, உமரி வளரும் உப்புச் சேற்று நிலம், சேற்றுத் திட்டு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை அதன் மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் அடங்கும். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் தாங்கு பகுதி விட வேண்டும். அடும்புக் கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டை 'வெறும் மணல்' என்று எண்ணி மட்டப்படுத்துவது, சட்டமீறல் என்பதோடு, புயல் அலைக்கு வாசலைத் திறந்துவிடும் செயலும் ஆகும். நெல்வயலை இறால் பண்ணையாக்க நினைப்பவர்கள் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், வேளாண் நிலங்களையும் அலையாத்திக் காடுகளையும் இறால் குளங்களாக மாற்றக் கூடாது என்று அது தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது.

இறுதியாக, சரணாலயங்களும், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகப் பட்டியலிடப்பட்ட ராம்சர் நிலங்களும். கோடியக்கரை 2002இலும், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், பிச்சாவரம் ஆகியவை 2022இலும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இத்தகைய ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதையும், குப்பையோ இடிபாடோ கொட்டுவதையும், கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்புவதையும் 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடை செய்கின்றன. அந்த விதிகளின் வரையறையில் நெல்வயல் இல்லை என்பது வருந்தத்தக்கது. வடுவூர் ஏரியில் கூடு கட்டும் பறவை இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களில்தான். அதனால் ஏரியோரக் கிராமங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் மாவட்ட வன அலுவலகத்தில் தங்கள் கிராமம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

நான்காம் படி: புதரை வெட்டும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சீமைக் கருவேலத்தை அகற்ற யாரும் தயங்க வேண்டியதில்லை. அரசும் நீதிமன்றமும் அதை அகற்றவே சொல்கின்றன. சொந்தப் பட்டா நிலத்தில் வேரோடு பிடுங்குங்கள். அடியோடு வெட்டிவிட்டுப் போனால் கட்டையிலிருந்து மீண்டும் பல கிளைகளாகத் துளிர்க்கும். புறம்போக்கில் உள்ளதை மட்டும் தாமாக வெட்டக் கூடாது. ஊராட்சியிடம் மனு கொடுங்கள்.

மற்ற மரங்களுக்குத் தனித்தனி நடைமுறை உண்டு. பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அரசு நிலத்திலும் சாலையோரத்திலும் உள்ள மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தேக்கு, சந்தனம் போன்றவற்றை வெட்டும் முன்னும் ஏற்றிச் செல்லும் முன்னும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னையையும் பழைய மரங்களையும் எவ்வளவு வாரிக்கொண்டு போனது என்பதைப் பார்த்தவர்களுக்கு, தப்பி நிற்கும் ஓர் இலுப்பையின், ஒரு மருதத்தின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரப்போரத்தில் அப்படி ஒரு மரம் இருந்தால் திட்டத்தை அதற்கேற்ப வளைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரைத் தாழையையும் விட்டுவிடுங்கள். கரை சரியாமல் பிடித்து நிற்பது அதன் வேர்தான்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பறவை, ஊர்வன ஆகியவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் 'வேட்டை' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே அடங்கும். மயிலும் உடும்பும் அச்சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. அவை தொடர்பான குற்றங்களுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே வேலை தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு விடியற்காலையிலும் மாலையிலும் நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள், கொக்குகள் அடையும் மரம், கரையோரத்தில் மீன் செதிலும் முள்ளும் கலந்த நீர்நாய் எச்சம், புற்றின் வாயில் பாம்புச் சட்டை ஆகியவை தெரிந்தால், குஞ்சுகள் பறக்கும் வரை அந்தப் பகுதியைத் தள்ளிவையுங்கள் அல்லது வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். புதரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி மெதுவாக வெட்டிச் செல்ல வேண்டும். நான்கு புறமும் வளைத்துக்கொண்டு உள்நோக்கி வெட்டினால் உள்ளே உள்ளவை தப்பிக்க வழியின்றிச் சாகும். தீ வைப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: மண் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சீட்டு இருக்க வேண்டும்

மண்ணும் வண்டலும் சவுடும் சிறு கனிமங்கள். 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் அவற்றுக்குப் பொருந்தும். லாரிக்காரர் 'எல்லாம் பேசியாச்சு' என்று சொல்வது அனுமதி ஆகாது. நடைச்சீட்டைக் கேட்டு வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொந்த நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டி, அந்த மண்ணை வெளியே விற்றால், அதற்கும் அனுமதி தேவை.

ஏரி, குளங்களின் வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டரும் அளவாக வைத்திருக்கிறார்கள். 2024 ஜூனிலிருந்து இந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறலாம். 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. நிலத்துக்கு உரமூட்டுவதற்காக வகுக்கப்பட்ட இந்த அளவைக் கொண்டு மனையை மேடாக்க முயல்வது விதியின் நோக்கத்துக்கே எதிரானது.

ஆறாம் படி: மட்டப்படுத்தும் முறையும் காலமும்

வயலைச் சாகுபடிக்காகவே சமன் செய்பவர்களுக்கு மேற்கண்ட அனுமதிகள் பலவும் தேவைப்படா. அவர்கள் கவனிக்க வேண்டியது மேல்மண். பழைய படுகையின் களிமண்ணுக்கு அடியில் மணலோ களரோ இருக்கலாம். மேட்டை ஆழமாகச் சீவினால் அது வெளியே வந்து பல பருவங்களுக்குப் பயிர் பிடிக்காது. ஆகவே அதிகம் வெட்ட வேண்டிய இடங்களில் மேல்மண்ணை அரையடிக்குச் சீவி ஓரமாகக் குவித்து, அடிமண்ணைச் சமன் செய்த பிறகு, குவித்ததை மீண்டும் பரப்ப வேண்டும். லேசர் லெவலர் வாடகைக்குக் கிடைத்தால் பயன்படுத்துங்கள். நிலத்தோரம் முக்காலியில் சுழலும் கருவியின் ஒளிக்கற்றையைப் பலகையின் மேலுள்ள உணரி பிடித்து, பலகையைத் தானே ஏற்றி இறக்குவதால், கண்மதிப்பில் வராத சீர்மை கிடைக்கும், தண்ணீரும் மிச்சமாகும். முடிந்ததும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் தேறும்.

வாய்க்காலுக்குக் குறுக்கே நிலத்துக்குப் பாதை அமைக்க வேண்டுமென்றால், நீர்வளத் துறையிடமோ, ஊராட்சிக்கு உட்பட்ட வாய்க்காலாக இருந்தால் ஊராட்சியிடமோ அனுமதி பெற்றுப் பாலம் அமைக்க வேண்டும். உங்கள் பாலத்தின் கண் (நீர் போகும் திறப்பு), மேலேயுள்ள பாலத்தின் கண்ணைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. அரையடிக் குழாயைப் போட்டு மண் மூடுவது, கார்த்திகையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்ததும் வாய்க்காலையே மூடியதற்குச் சமமாகிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, சம்பா, தாளடி அறுவடை முடிந்து, நீர்ப்பறவைகளின் பருவமும் ஓய்ந்த பங்குனி, சித்திரை மாதங்களே உகந்தவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுவதால் வாய்க்காலை ஒட்டிய வேலைகள் வைகாசி நடுவிலேயே முடிந்திருக்க வேண்டும். கடற்கரையில் மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) தையிலிருந்து பங்குனி வரை முட்டையிட்டு, குஞ்சு பொரிய மேலும் ஏறத்தாழ ஐம்பது நாள்கள் ஆகும் என்பதால், மணற்கரையை ஒட்டிய நிலங்களில் அதுவரை இயந்திரமும் கூடாது, இரவு விளக்கும் கூடாது.

ஏழாம் படி: மற்றவர் நீர்வழியை அடைத்தால்

முதலில் நேரில் பேசுங்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வடிகாலை அளந்து காட்டினால் பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், தேதியிட்ட படங்களோடும் புல வரைபட நகலோடும் வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். புறம்போக்கு வாய்க்கால் என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழும், ஏரி, குளம் என்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்கீழும் நடவடிக்கை கேட்கலாம். பொது நீர்வழி அடைபட்டுப் பயிர் மூழ்கும் நிலை இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் தடையை அகற்ற உத்தரவிடுமாறு கோட்டாட்சியரிடம் கோரலாம். பாசன நீரைக் குறைப்பதும் பொது வடிகாலை அடைத்துச் சேதம் விளைவிப்பதும் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, அதன் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 1100 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஈரநிலமோ அலையாத்திக் காடோ அழிக்கப்பட்டதாக இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதால், வருவாய்த் துறைக்குக் கொடுத்த மனுவின் பதிலுக்காகக் காத்திருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.